மந்தக் காலத்தில் ஊதியம்

அரசுப் பணி மேலா, தனியார் பணி மேலா? மந்தக் காலத்தில் இவ்வினா எழுவது இயல்பு.

1985ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பொருளாதாரம் சுருங்கியது. ஊதியச் செலவைக் குறைக்க, 1986 ஏப்ரலில் மத்திய சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக்கப்பட்டது. தொழிலாளியின் பங்கு மாறவில்லை.

ஜாலான் புசார்ப் பட்டறையொன்றில் ஒருவர் 600 வெள்ளி ஊதியம் பெற்றார் எனக் கொள்வோம். முதலாளி செலுத்திய 150 வெள்ளி 60 ஆயிற்று. கைக்கு வரும் பணம் குறையவில்லை. ஆனால் வீட்டுத் தவணைக்கும் முதுமைக்கும் உரிய சேமிப்பில் மாதந்தோறும் 90 வெள்ளி குறைந்தது. சேமநிதி உறுப்பினரான அரசு ஊழியரையும் இக்குறைப்புப் பாதித்தது. எனினும், தனியார் துறையில் பலர் வேலையையே இழந்தனர். பின்னர் அப்பங்கு படிப்படியாக உயர்ந்தும் 25 விழுக்காட்டை எட்டவில்லை.

ஆகவே, ஊதியங்களை ஒப்பிடுவோர் கைக்கு வரும் தொகை, சேமிப்புப் பங்கு, வேலையின் நிலைப்பு ஆகிய மூன்றையும் கணக்கிடல் வேண்டும்.