காத்திருப்பவர் கையிலுள்ள போன்

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவின் நர்சரிக்காக நீ செய்த இணையதளத்தை நேற்றிரவு பார்த்தேன். மாங்கன்று, கொய்யாக் கன்று, தென்னம்பிள்ளை என்று ஒவ்வொன்றுக்கும் படம், விலை, நடும் பருவம் எல்லாம் எழுதியிருக்கிறாய். முதல் முயற்சியிலேயே இவ்வளவு செய்தது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

"என் லேப்டாப்பில் உடனே திறக்கிறது. கன்று வாங்க வருகிறவர்கள் மட்டும் திறக்கவே இல்லை என்கிறார்கள். ஏன் அண்ணா?" என்று கேட்டிருந்தாய். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். உன் லேப்டாப் புதியது, வீட்டில் வைஃபை இருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது ஐந்து வருடப் போன். தோப்புக்குள் ஒரு கோடு சிக்னல்தான் கிடைக்கும்.

முதலில் அளந்து பார். குரோம் பிரவுசரிலேயே லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. மொபைல் சோதனையில் அது நெட் வேகத்தை விநாடிக்கு 1.6 மெகாபிட் என்று வைத்துக் கணக்கிடும். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக விநாடிக்கு 200 கேபி. உன் முகப்பில் உள்ள மாங்கன்றுப் படம் 4 எம்பி. வகுத்துப் பார்: 20 விநாடி. அந்த ஒரு படத்துக்கு மட்டும்!

போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறாய். அதன் அகலம் 4000 பிக்சல். செல் திரையில் அதற்குக் கிடைக்கும் இடத்துக்கு 800 பிக்சல் தாராளமாகப் போதும். அகலம் ஐந்தில் ஒன்று, உயரம் ஐந்தில் ஒன்று என்று குறைத்தால் பிக்சல்கள் 25-ல் ஒரு பங்காகிவிடும். அதையே வெப்பி அல்லது ஏவிஃப் வடிவில் சேமித்தால் இன்னும் இளைக்கும். பெரிய திரைக்காரர்களுக்குப் பெரிய படம், சின்னத் திரைக்குச் சின்னப் படம் என்று இரண்டு மூன்று அளவுகளில் வைத்துவிட்டால், எது வேண்டுமோ அதை பிரவுசரே எடுத்துக்கொள்ளும். கீழே உள்ள கன்றுகளின் படங்களுக்கு லேசி லோடிங் போடு. அங்கே வரை உருட்டி வருகிறவர்களுக்கு மட்டும் அவை இறங்கும். முகப்புப் படத்துக்கு அதைப் போட்டுவிடாதே. முதலில் வரவேண்டியது தாமதமாகிவிடும்.

அடுத்தது, பக்கம் குதிப்பது. போன மாதம் அத்தைக்கு மருத்துவமனையில் டோக்கன் போட, அவரே தன் போனில் விவரங்களை நிரப்பினார். பெயர், வயது, தேதி எல்லாம் முடித்து 'உறுதி செய்' பட்டனைத் தொடப்போன நேரத்தில் மேலே ஒரு விளம்பரப் படம் வந்து விழுந்தது. பக்கம் முழுக்கக் கீழே இறங்கியது. மேலிருந்த 'ரத்து' பட்டன் அவர் விரலுக்கடியில் வந்து நின்றது. நிரப்பியதெல்லாம் போயிற்று. "நான்தான் தப்பா அமுக்கிட்டேன்" என்றார் அத்தை. எனக்கு அதுதான் மனதை உறுத்தியது. பக்கத்தைச் செய்தவர் விட்ட பிழைக்கு, அதைப் பயன்படுத்தியவர் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டார்.

இதைத் தடுக்க இரண்டே எண்கள் போதும். ஒவ்வொரு படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எச்டிஎம்எல்லில் எழுதிவிடு. படம் வருமுன்பே பிரவுசர் அதற்கு இடம் ஒதுக்கி வைக்கும். எதுவும் நகராது.

இந்த வேகத்தையும் குதிப்பையும் அளக்க, 2020-ல் கூகுள் 'கோர் வெப் வைட்டல்ஸ்' என்று மூன்று அளவுகோல்களை அறிவித்தது. திரையில் தெரியும் மிகப்பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் வரவேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் திரை பதில் காட்ட வேண்டும். இந்த அளவுகோல் 2024 மார்ச்சில், பழைய ஒன்றுக்குப் பதிலாக வந்தது. பக்கம் குதிக்கும் மதிப்பெண் 0.1-ஐத் தாண்டக்கூடாது. வருகைகளில் நான்கில் மூன்று பங்காவது இந்த வரம்புக்குள் இருந்தால்தான் தேறியதாகக் கணக்கு.

இரண்டாவது அளவில் உன் தளம் தடுமாறக் காரணம் ஜாவாஸ்கிரிப்ட். படங்களை நகர்த்த ஒரு ஸ்லைடர், ஒரு பாப்-அப், ஓர் அனிமேஷன் லைப்ரரி என்று சேர்த்திருக்கிறாய். 200 கேபி படமும் 200 கேபி ஜாவாஸ்கிரிப்டும் போனுக்கு ஒரே சுமை இல்லை. படத்தை விரித்துக் காட்டினால் வேலை முடிந்தது. ஜாவாஸ்கிரிப்டைப் படித்து, புரிந்து, இயக்க வேண்டும். அந்த வேலை முடியும்வரை விரல் தொட்டதும் வரிசையில் நிற்கும். ஸ்லைடரை எடுத்துவிடு; விரலால் தள்ளிப் பார்க்கும் வரிசையை சிஎஸ்எஸ்ஸிலேயே செய்யலாம். பாப்-அப் யாருக்கும் வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு உரிய ஒரு பாடமும் உண்டு. யூனிகோடில் 'தமிழ்' என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து துண்டுகள். யுடிஎஃப்-8 முறையில் துண்டுக்கு 3 பைட் வீதம் 15 பைட். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல்லுக்கு 5 பைட்தான். அதனால் சர்வரில் ஜிசிப் அல்லது பிரோட்லி சுருக்கம் போட மறக்காதே. வந்த எழுத்துகளே திரும்பத் திரும்ப வருவதால் நன்றாகச் சுருங்கும். ஃபான்டையும் வாஃப்-2 வடிவில், ஒன்றிரண்டு தடிமன்களோடு நிறுத்து. 'ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்' என்று எழுதிவிட்டால், உன் ஃபான்ட் வரும்வரை போனில் உள்ள எழுத்திலேயே விலை தெரியும். அழகு ஒரு நொடி பிந்தி வரலாம், விலை பிந்தக்கூடாது.

கடைசியாக, மாறாத கோப்புகளை ஒரு வருடத்துக்கு போனிலேயே சேமித்து வைக்க (கேஷ்) பிரவுசரிடம் சொல். ஒருமுறை வந்தவர் மறுமுறை வரும்போது அதே படத்துக்கு மீண்டும் டேட்டா செலவழிக்க வேண்டியதில்லை. அந்த டேட்டா அவர் காசு கொடுத்து வாங்கியது.

இவ்வளவும் இரண்டு நாள் வேலைதான். முடித்ததும் லேப்டாப்பை மூடி வை. நர்சரிக்கு வரும் பெரியவர் ஒருவரிடம் அவர் போனிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார். நீ ஒன்றும் சொல்லாமலே அவர் கொய்யாக் கன்றின் விலையைக் கண்டுபிடித்துவிட்டால், உன் தளம் தயார்.

அன்புடன்,
அண்ணன்