கூலிங் பேட் வாங்கப் போகிறீர்களா?

தில்லியின் கிழக்கு கிட்வாய் நகர் அடுக்குமாடி அரசுக் குடியிருப்புகளில், மே மாதம் வந்துவிட்டால் லேப்டாப் ஃபேனின் இரைச்சல் அடுத்த அறை வரை கேட்கும். பக்கத்திலேயே இருக்கும் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2024 மே 29 அன்று பதிவான வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸ். "ஒரு கூலிங் பேட் வாங்கிப் போடுங்க, சரியாப் போயிடும்" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். தில்லி ஹாட்-ஐ.என்.ஏ. நிலையத்தில் பிங்க் லைன் ஏறி, லஜ்பத் நகரில் வயலட் லைனுக்கு மாறினால் நேரு பிளேஸ். அந்தக் கணினிச் சந்தையில் கடைக்குக் கடை கூலிங் பேட் கிடைக்கும். கிளம்பும் முன் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: கூலிங் பேட் குளிர்ந்த காற்று தரும்.

உண்மை: லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் சாதாரண பேடில் இருப்பது வெறும் ஃபேன்தான். அறையில் உள்ள காற்றைத்தான் அது தள்ளும். அறை 40 டிகிரியில் இருந்தால், லேப்டாப்புக்குள் போவதும் 40 டிகிரிக் காற்றுதான். லேப்டாப்பின் உள்ளே, பிராசசரின் சூட்டைச் செம்புக் குழாய்கள் ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகடுகளுக்குக் கடத்துகின்றன. உள் ஃபேன் அடிப்புறத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, தகடுகளுக்கு இடையே ஊதி வெளியேற்றுகிறது. அந்தக் காற்று தாராளமாகக் கிடைக்க வழி செய்வதுதான் பேடின் வேலை. அதனால் குறைவது பெரும்பாலும் சில டிகிரிதான். ஏசி போட்டு அறையை 40இலிருந்து 28க்கு இறக்கினால், அதே வேலைக்குப் பிராசசரின் சூடும் ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்கும்.

நம்பிக்கை: ஃபேன் எண்ணிக்கை கூடினால் குளிர்ச்சி கூடும்.

உண்மை: எத்தனை ஃபேன் என்பதைவிட, காற்று எங்கே போய்ச் சேருகிறது என்பதே முக்கியம். கடைக்கு லேப்டாப்பையும் எடுத்துப் போங்கள். அணைத்துவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். பல மாடல்களில் துளை வரிசை, கீல் பக்கத்தை ஒட்டி இடமோ வலமோ ஒதுங்கியிருக்கும்; நடுப்பகுதி மூடிய பிளாஸ்டிக். பேடிலோ பெரிய ஃபேன் நட்டநடுவே சுழலும். அது ஊதும் காற்று பிளாஸ்டிக்கில் மோதிப் பக்கவாட்டில் சிதறும். தவிர, பேடைச் செருகும் யு.எஸ்.பி. 2.0 துளை தருவது சுமார் 2.5 வாட் மின்சாரம். ஆறு ஃபேன் இருந்தாலும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நீல விளக்கு எரிந்தால் அதற்கும் ஒரு பங்கு.

நம்பிக்கை: எந்த லேப்டாப்புக்கும் கூலிங் பேட் நல்லது.

உண்மை: 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது, அடிப்பக்கத்தில் காற்றுத் துளையும் இல்லை. அடித்தகட்டைக் கொஞ்சம் ஆற்றுவதைத் தவிர, பேடுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. மெயிலும் எக்செலும் மட்டும் பார்ப்பவருக்குப் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கும் ஸ்டாண்டே போதும். கேமிங் லேப்டாப் கதை வேறு. சுற்றிலும் ஸ்பாஞ்ச் விளிம்பு வைத்து, காற்று வெளியே கசியாமல் துளைக்குள்ளேயே தள்ளும் பெரிய பேடுகள் அவற்றுக்கு நன்றாகவே உதவும். விலையும் அதிகம், சத்தமும் அதிகம்.

நம்பிக்கை: 90 டிகிரி காட்டினால் பிராசசர் கருகிவிடும்.

உண்மை: இன்றைய லேப்டாப் பிராசசர்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரியை ஒட்டி இருக்கும். அதை நெருங்கினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். அதனால் நமக்கு முதலில் தெரிவது மந்தம்தான். நாள்பட்ட சூட்டில் அதிகம் அடிபடுவது பேட்டரி. தன் லேப்டாப்புகளை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். தில்லியின் கோடைப் பகலில், ஏசி இல்லாத அறை அந்த வரம்பைத் தாண்டிவிடும். பேட்டரியைக் காக்க, சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டு வையுங்கள்.

நம்பிக்கை: ஏர் கூலர் முன்னால் வைத்தால் போதும்.

உண்மை: வறண்ட மே மாதத்தில் கூலர் அறையைக் குளிர்விக்கும், அந்த வகையில் லேப்டாப்புக்கும் லாபம்தான். ஆனால் அதன் வாய்க்கு நேரே வைத்தால் நீர்த்திவலை உள்ளே போகும். தண்ணீரில் உப்பு இருந்தால் அதுவும் படியும். ஃபிரிட்ஜில் வைப்பது அதைவிட மோசம்: வெளியே எடுத்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையின் மேல் ஈரம் பூக்கும்.

நம்பிக்கை: மடிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு பலகை இருந்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை.

உண்மை: ஸ்டோனி புரூக்கில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2005இல் வெளியான ஆய்வுக்காக 29 ஆண்களிடம் சோதித்தார்கள். ஒரு மணி நேரம் மடியில் லேப்டாப் இருந்ததில் விரைப்பையின் வெப்பம் 2.6 முதல் 2.8 டிகிரி வரை ஏறியது. அதில் பெரும்பங்கு தொடைகளை ஒட்டி உட்காருவதாலேயே வந்தது. பலகை வைத்தும் அந்தச் சூட்டைத் தடுக்க முடியவில்லை என்பது பின்னால் நடந்த ஆய்வின் முடிவு. மேஜைதான் தீர்வு.

நம்பிக்கை: பழைய லேப்டாப் சூடானால் கூலிங் பேட் வாங்கும் வேளை வந்துவிட்டது.

உண்மை: முதல் சந்தேகம் தூசி மேல்தான் விழ வேண்டும். தில்லியின் புழுதிக்காற்று, ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல ஒரு படலத்தை அடைத்துவிடும். அது இருக்கும் வரை எந்தப் பேடும் பெரிதாக உதவாது. வடிகட்டி இல்லாத பேடானால் கூடுதல் தூசியையும் உள்ளே ஊதும். திறந்து சுத்தம் செய்து, பிராசசர் மேல் பூசியிருக்கும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றினால் கணிசமான மாற்றம் தெரியும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் தூசி, அடுத்து உயரம், அப்புறம் விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் அதிகபட்ச அளவை 99 சதவீதமாக்கிப் பார்ப்பது. பல லேப்டாப்புகளில் இது டர்போ வேகத்தை நிறுத்தும். சூடு சட்டென்று இறங்கும், வேகமும் சற்றுக் குறையும். ஒவ்வொரு படியிலும் அதே வேலையைக் கொடுத்து, வெப்பம் காட்டும் இலவச மென்பொருளில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தைத் தூக்கியதும் சூடு குறைந்தால், உங்கள் லேப்டாப் அடிப்புறக் காற்றுக்கு ஏங்குகிறது என்று பொருள். துளைகளுக்கு நேராக ஃபேன் அமைந்த பேடுக்குச் செலவு செய்யலாம். தூக்கியும் சூடு அசையவில்லையென்றால், அந்தப் பணத்தை சர்வீஸ் கடையில் கொடுங்கள்.