நச்சுவாயுவை உணர்த்தும் நுண்கம்பிகள்

கிணறு தூர் வாரவோ, கழிவுநீர்த் தொட்டியைத் துப்புரவு செய்யவோ உள்ளே இறங்கியவர் மயங்கி வீழ்ந்தார் என்றும், அவரைத் தூக்கச் சென்ற இரண்டாமவரும் மூன்றாமவரும் அவ்வாறே மாண்டனர் என்றும் செய்தித்தாள்களில் நாம் பன்முறை படித்திருக்கிறோம். அத்தகைய செய்தி வரும்போதெல்லாம் ஊராட்சி உறுப்பினர்கள் நம்மிடம் வினவுவது ஒன்றே: "வாயுவைக் கண்டறியும் கருவி கடையில் கிடைக்கிறதாமே, அதில் ஒன்று வாங்கி வைத்துவிட்டால் போதாதா?" இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. கருவியினுள் நிகழ்வது யாது என்று அறிந்தாலன்றி, அதனை எப்பொழுது நம்பலாம், எப்பொழுது நம்பலாகாது என்பது விளங்காது.

முதலில் நம் மூக்கைப் பற்றிச் சிறிது கூறுவோம். கழிவுநீர்த் தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அழுகிய முட்டையின் நாற்றமுடையது. காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருப்பினும் மூக்கு அதனை அறிந்துகொள்ளும். ஆனால் 100 பங்கை எட்டும்போது மோப்ப உணர்வே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி இறங்குபவர் உண்மையில் பேராபத்தினுள் இறங்குகிறார். 500 பங்கிற்கு மேற்பட்டால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் இங்கு உதவாது. பிராணவாயு மிகக் குன்றினால் விளக்கு அணையும்; ஹைட்ரஜன் சல்பைடோ விளக்கு எரிந்துகொண்டிருக்கையிலேயே ஆளைக் கொன்றுவிடும். மேலும், மீத்தேன் வாயு நிறைந்த தொட்டியில் சுடரைக் காட்டுவது வெடிவிபத்தை நாமே வரவழைப்பதாகும்.

கருவியின் வரலாறு ஜப்பானில் தொடங்குகிறது. 1962-ஆம் ஆண்டில் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெட்சுரோ செய்யாமா, துத்தநாக ஆக்சைடின் மெல்லிய படலத்தில் சில வாயுக்கள் பட்டதும் அதன் மின்தடை மாறுவதை எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் நவோயோஷி தாகுச்சி என்பார் வெள்ளீய ஆக்சைடைக் கொண்டு வாயு உணர்வி ஒன்றை ஆக்கினார். அந்நாட்டு வீடுகளில் சமையல் வாயு கசிந்து வெடித்த விபத்துகளே அவரை இம்முயற்சியில் ஈடுபடுத்தின. இன்று நம் சமையலறைகளில் மாட்டப்படும் எச்சரிக்கைக் கருவிகள் பலவும் அதன் வழித்தோன்றல்களே.

இவ்வுணர்வியின் வேலை முழுவதும் அதன் மேற்பரப்பில் நடைபெறுகிறது. வெள்ளீய ஆக்சைடினுள் எலக்ட்ரான்கள் வாய்க்கால் நீர்போல் ஓடி மின்சாரத்தைக் கடத்துகின்றன. 200 முதல் 400 டிகிரி வரை அதனைச் சூடாக்கி வைத்தால், காற்றிலுள்ள பிராணவாயு அதன் பரப்பில் வந்து ஒட்டி, எலக்ட்ரான்களைப் பறித்து வைத்துக்கொள்கிறது. அதனால் பரப்பையொட்டிச் சில நானோமீட்டர் தடிப்பிற்கு மின்னோட்டமற்ற தோல் ஒன்று உண்டாகிறது, மின்தடை உயர்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு கூறே நானோமீட்டர். நம் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் எனில் அதன் சிறுமை புலனாகும். இப்பொழுது எரியக்கூடிய வாயு வந்தால், அது பரப்பிலிருக்கும் பிராணவாயுவுடன் கூடுகிறது. ஹைட்ரஜன் சல்பைடாயின் கந்தக டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறி அகலும். பறிபோன எலக்ட்ரான்கள் திரும்புகின்றன, மின்தடை தாழ்கிறது, மணி ஒலிக்கிறது.

அங்ஙனமாயின் கம்பியை மிக நுண்ணியதாக்குவதன் பயன் யாது? அகன்ற வாய்க்காலின் இரு கரையிலும் ஒரு சாண் மண் சரிந்தால் நீரோட்டம் பெரிதும் குறைவதில்லை. வயலுக்குப் பிரியும் இரு சாண் வாய்க்காலில் அதே அளவு மண் சரிந்தால் நீர் அடியோடு நின்றுவிடும். கம்பி மெலிய மெலிய, பரப்பில் நேரும் சிறு மாற்றமும் முழு மின்னோட்டத்தையும் ஆட்டிவைக்கிறது. பரப்பின் அளவும் வியப்புக்குரியது. ஒரு கன சென்டிமீட்டர் கட்டியின் வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டரே. அதனையே 50 நானோமீட்டர் விட்டமுள்ள கம்பிகளாக ஆக்கினால் 80 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு சென்ட் நிலம்!

இத்தகைய இழைகளை 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சாங் லின் வாங் குழுவினர், ஆக்சைடுத் தூளைக் கடும் வெப்பத்தில் ஆவியாக்கிப் படியவைத்து வளர்த்தனர். மறு ஆண்டில் இத்தாலியின் பிரெஷ்யா பல்கலைக்கழகத்தார் அவர்களுடன் சேர்ந்து, கார்பன் மோனாக்சைடு முதலிய வாயுக்களை அவ்விழைகள் உணர்வதைக் காட்டினர். நுண்கம்பி உணர்விகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலேயே உள்ளன.

எந்த வாயு வந்தது என்று பிரித்தறிவதே இத்துறையின் பெருந்தொல்லை. சாராய ஆவி பட்டாலும் மணி ஒலிக்கும். இதற்கு ஒரு மாற்று, பரப்பின்மேல் வேறொரு ஆக்சைடைச் சிறிதளவு பதித்தல். செப்புப் பாத்திரம் கந்தக வாயு பட்டுக் கறுப்பதை நாம் அறிவோம். வெள்ளீய ஆக்சைடின்மேல் செப்பு ஆக்சைடைப் பதித்தால் மின்தடை மிகுந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு வந்ததும் அது மின்சாரத்தை நன்கு கடத்தும் செப்பு சல்பைடாக மாற, தடை திடீரெனச் சரியும். வாயு அகன்றபின் சூடும் காற்றும் அதனை மீண்டும் ஆக்சைடாக்கிவிடும்.

இதுகாறும் கூறியதிலிருந்தே கருவியின் குறைகளும் வெளிப்படுகின்றன. பழங்கிணறுகளில் தேங்கும் கரியமில வாயு ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். அது எலக்ட்ரானைத் திருப்பித் தராது. ஆதலின் இவ்வகைக் கருவி அங்கு வாளாவிருக்கும். பிராணவாயு குன்றிய குழியில் அதன் கணக்கே பிறழும். மழைக்கால ஈரத்தில் நீராவி பரப்பில் அமர்ந்து அளவை மாற்றும். சூடேறச் சிறிது நேரம் ஆகுமாதலின், இயக்கியவுடன் காட்டும் அளவும் பொருளற்றது.

ஆகவே, சமையலறைக் கருவியைக் குழிக்குள் இறக்குதல் பெருந்தவறு. அது வீட்டிற்கு உரியது. உருளை வாயு காற்றினும் கனமானதாதலின் தரைக்கு அருகில் மாட்டவேண்டும். குழிக்கென மன்றம் வாங்குவதாயின், பிராணவாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரியும் வாயு ஆகிய நான்கையும் தனித்தனியே அளக்கும் கருவியையே கேட்டு வாங்கவேண்டும். அதனைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று நிலைகளிலும் அளக்கவேண்டும். அளவு சரிபார்க்கும் காலத்தையும் தவறவிடலாகாது.

தொட்டியைப் பொறுத்தவரை, உறிஞ்சு எந்திரம் பொருத்திய லாரியை அமர்த்துவதே முறை. தக்க பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உள்ளாட்சி மன்றங்களும் அதற்குக் கட்டுப்பட்டவையே. இத்தகைய மரணத்திற்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று உச்சநீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. எவரேனும் உள்ளே வீழ்ந்துவிட்டால் மேலிருப்பவர் இறங்கலாகாது. தீயணைப்பு நிலையத்திற்கு 101, ஆம்புலன்சிற்கு 108 என்ற எண்களில் உடனே தெரிவிக்கவேண்டும்.