பட்டனைத் தொடும் முன் காதைக் கொடு

தங்கச்சி, ஹாம் ரேடியோ ரெஸ்ட்ரிக்டட் கிரேடு பரீட்சை பாஸாகி வி.யூ.3 என்று தொடங்கும் கால்சைன் கைக்கு வந்துவிட்டது, ரேடியோ செட் வாங்கத்தான் காசு சேரவில்லை என்கிறாயா? அதுவரை போனில் எக்கோலிங்க் ஆப்பைப் போட்டுக்கொள். 2002இல் ஜோனதன் டெய்லர் என்ற அமெரிக்க ஹாம் உருவாக்கியது. உன் குரலை டிஜிட்டலாக்கி இன்டர்நெட்டில் அனுப்பும். அந்தப் பக்கம் ஒருவர் போனில் கேட்பார். இன்னொருவர் எங்கோ குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வழியாகக் கையிலிருக்கும் ரேடியோவில் கேட்பார்.

லைசென்ஸை ஸ்கேன் செய்து அனுப்பி, அவர்கள் சரிபார்த்த பிறகுதான் ஆப் உள்ளே விடும். வீட்டில் யாராவது கால்சைனைக் கடன் கேட்டால் கொடுக்காதே. 12 வயது நிரம்பிய யாரும் மத்திய அரசின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பித்துப் பரீட்சை எழுதலாம், எழுதச் சொல்.

சிம் டேட்டாவில் லைன் கிடைக்காமல் நிறையப் பேர் ஆப்பையே அழித்துவிடுகிறார்கள். செட்டிங்ஸில் 'டைரக்ட்' என்று இருப்பதை 'ரிலே' ஆக்கிப் பார், பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்து 9999 என்ற எக்கோடெஸ்ட் நம்பருக்குப் போய்ப் பேசு; உன் குரல் உனக்கே திரும்பி வரும். நாலு விரல் தள்ளிப் பிடித்துப் பேசினால் எப்படி, வாயோடு ஒட்டிப் பேசினால் எப்படி என்று அங்கேயே பழகிக்கொள்.

இனிதான் முக்கியமானது. ஆப்பில் பேசுவதற்கான பட்டனை ஒருமுறை தட்டினால் மைக் திறக்கும், மறுபடி தட்டினால்தான் மூடும். சேலத்தில் ஒரு காலை நான் பேசி முடித்து, மூட மறந்து போனை அடுப்படித் திண்டில் வைத்துவிட்டேன். தேங்காய்ச் சட்னி அரைத்து முடியும்வரை மிக்ஸி சத்தம் ரிப்பீட்டரில் ஓடியது. அத்தனை நேரமும் வேறு யாராலும் வாய் திறக்க முடியவில்லை. நடுவில் ஒருவருக்கு அவசரச் செய்தி இருந்திருந்தால்? அன்றிலிருந்து திரையில் மைக் மூடியதைக் கண்ணால் பார்த்த பிறகே போனைக் கீழே வைக்கிறேன்.

நுழைந்ததும் பேசாதே, ஒரு நிமிடம் கேள். தட்டியபின் ஒரு மூச்சு விட்டுத் தொடங்கு, இல்லையென்றால் முதல் எழுத்து அறுந்துவிடும். கால்சைனை 'விக்டர் யூனிஃபார்ம் த்ரீ' என்று நிறுத்திச் சொல். ஒருவர் முடித்தபின் இரண்டு வினாடி இடைவெளி விடு. புதிதாக வருபவர் நுழைய அதுதான் வாசல்.

நாமக்கல்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: முட்டை விலை, லாரி லோடு, வாடகை பேச்சு இங்கே கூடாது. ஹாம் ரேடியோவில் வியாபாரத்துக்கு இடமில்லை. பேசியதைக் குறித்துவைக்கும் நோட்டில் நேரத்தை யு.டி.சி.யில் எழுது, நம் கடிகார நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து.

ஆனால் செல்போன் டவர் விழுந்தால் இந்த ஆப்பும் விழுந்துவிடும். 2004 டிசம்பர் சுனாமியின்போது ஹாம் பாரதி பிரசாத் குழுவோடு அந்தமான் தீவுகளின் போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசிகள் அடங்கிப்போன அந்தத் தீவுகளிலிருந்து குடும்பங்களின் சேதி கரைக்கு வந்தது ரேடியோ செட்டும் ஆன்டெனாவும் இருந்ததால்தான். அதனால் ஆப்பில் பேசிப் பழகு, ஆனால் செட்டுக்குச் சேர்க்கிற காசை மட்டும் எடுத்துவிடாதே.