பூனையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. போன விடுமுறையில் இருவரையும் மாமல்லபுரம் கூட்டிப்போனோம். அர்ச்சுனன் தபசு பாறைச் சிற்பத்துக்கு முன்னால் நின்று எனக்குத் தெரிந்த கதையெல்லாம் சொன்னேன். ஐந்தே நிமிடத்தில் சின்னவன் ஐஸ்கிரீம் கேட்டு அழுதான். பெரியவள், "பார்த்தாச்சும்மா, போலாம்" என்றாள். "புரிகிற வயசு வரட்டும்" என்கிறார் என் கணவர். காத்திருக்க வேண்டுமா?
– ஒரு தாய், முகப்பேர் கிழக்கு

பதில்: காத்திருக்காதீர்கள், மறுபடி போங்கள். நான்கு வயது அந்தப் பாறைக்கு நல்ல வயது. ஆனால் இந்த முறை கதை சொல்லாமல் போங்கள்.

தொண்ணூறு அடிக்கு மேல் நீளம், நாற்பது அடி உயரம், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். அத்தனையையும் ஒரே கதைக்குள் அடக்கிச் சொன்னால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். குழந்தைக்கு முழுப் பாறையும் ஒரே நேரத்தில் கண்ணில் படாது. அதன் கண் ஏதாவது ஒன்றில்தான் போய் நிற்கும். அந்த ஒன்றை நாம் கொடுத்துவிட்டால் மீதியை அதுவே தேடும்.

உங்கள் மகனுக்குப் பூனையைக் கொடுங்கள். வலப்பக்கம் பெரிய யானை நிற்கிறதல்லவா, அதன் தந்தத்துக்குக் கீழே பாருங்கள். பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு பூனை நிற்கும். சுற்றிலும் எலிகள். "இங்கே ஒரு பூனை இருக்கு, கண்டுபிடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பிறகு, "இதே மாதிரி கையைத் தூக்கிக்கிட்டு இன்னொருத்தர் நிக்கிறார், எங்கே?" என்று கேளுங்கள். இடப்பக்கம் மேலே, விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தவசியை அவன் தேடிப் பிடிப்பான். தவசியின் உண்மையான தவத்தையும் பூனையின் பொய்த் தவத்தையும் ஒரே பாறையில் செதுக்கி வைத்த பல்லவச் சிற்பியின் குறும்பு, நீங்கள் ஒரு வார்த்தை விளக்காமலே அவனுக்குப் போய்ச் சேரும். யானையின் காலடியில் குட்டிகள் இருக்கின்றன. பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் மானும் இருக்கிறது. ஒரு காலைக்கு இவை போதும்.

மகளுக்கு வேறு வேலை. தவம் செய்பவர் அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். அவளையே நீதிபதியாக்குங்கள். தவசிக்கு அருகில் நான்கு கைகளோடு சிவன் நின்று வரம் தருகிறார். அர்ச்சுனன் பாசுபத அஸ்திரம் கேட்டுத் தவம் இருந்தான் என்பவர்களுக்கு அது சான்று. நடுவில் பாறை பிளந்திருக்கிறது, பிளவில் நாகர்கள் கைகூப்பி மேலேறுகிறார்கள், அதற்கு மேலே தண்ணீர் தேக்க ஒரு தொட்டி இருந்ததற்கான தடயமும் உண்டு. கங்கை இறங்கிய காட்சி, ஆகவே பகீரதன் என்பவர்களுக்கு இது சான்று. அவள் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் திருத்தாதீர்கள். காரணம் மட்டும் கேளுங்கள். காரணம் சொல்வதற்காக அவள் பாறையை இன்னொரு தடவை பார்த்தாக வேண்டும். எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது பார்வைதான்.

போவதற்கு முன் ஒரு ஞாயிறு காலை மெரினாவில் ஒத்திகை பாருங்கள். உழைப்பாளர் சிலை போதும். சென்னை கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959 முதல் அங்கே நிற்கிறது. பாறையைப் பெயர்க்கும் அந்த நான்கு பேரைப் போல உங்கள் வீட்டு நான்கு பேரும் நின்று பாருங்கள். யார் கால் எங்கே ஊன்றியிருக்கிறது, யார் முதுகு எந்தப் பக்கம் வளைகிறது என்று உடம்பால் செய்து பார்த்த பிள்ளை, சிலையை மறக்காது. உங்கள் கணவரும் நிற்கட்டும். புரிகிற வயதுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதை என் பதிலைவிட அது நன்றாக அவருக்குச் சொல்லும்.

மாமல்லபுரத்தில் நேரம் மிக முக்கியம். அந்தப் பாறை கிழக்கு பார்த்தது. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு உருவமும் பாறையை விட்டு வெளியே வருவதுபோல் தெரியும். உச்சிவெயிலில் அதே பாறை தட்டையாகிவிடும், தரை சுடும், பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள். முகப்பேரிலிருந்து அறுபது கிலோமீட்டர் அளவில் பயணம். விடியும் முன்பே கிளம்பி, மதுரவாயல் பைபாஸைப் பிடித்துவிடுங்கள். இட்லியைக் கட்டி எடுத்துப் போய், சாப்பிட்ட பிறகு பாறை முன்னால் நிற்கவையுங்கள். பசித்த குழந்தைக்கு எந்தக் கலையும் எடுபடாது. செல்போனைப் பையில் வைத்துவிடுங்கள். ஒரே ஒரு படம், அதுவும் கிளம்பும்போது.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். உள்ளே ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்குகிறது. அதைப் பார்க்காமல் வராதீர்கள். சற்றுத் தள்ளி, இதே தபசுக் காட்சியைச் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட இன்னொரு பாறையும் இருக்கிறது. மகளுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள்: முடிந்த சிற்பத்தில் மறைந்துவிடும் வேலை, முடியாத சிற்பத்தில் அப்படியே தெரியும். ஊரில் இன்றும் உளிச்சத்தம் கேட்கும் பட்டறைகள் பல. உள்ளே இருப்பவரிடம் அனுமதி கேட்டு, கல்லில் விழும் அடியைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடுங்கள். ஐந்து ரதமும் கடற்கரைக் கோயிலும் இன்னொரு காலைக்கு இருக்கட்டும். ஐஸ்கிரீம் மட்டும் இந்த முறையே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.