கமிகட்சுவின் எரியுலைகள்

பழைய கருவியை நீக்கிவிட்டுப் புதிய கருவியை அமைப்பது முன்னேற்றத்தின் அடையாளம் என்று கருதப்படுகிறது. கருவி பெரிதாயின் பயனும் பெரிதாகும் என்பது பலருடைய எண்ணம். ஆனால், ஓர் ஊருக்கு ஏற்ற கருவி எது என்பதை அதன் அளவும் விலையும் மட்டும் முடிவு செய்வதில்லை. இவ்வுண்மையைக் கமிகட்சு என்னும் சிற்றூர் பெரியதோர் இடர்ப்பாட்டின் நடுவே உணர்ந்தது.

கமிகட்சு, ஜப்பான் நாட்டின் சிக்கோக்குத் தீவில், டோக்குஷிமா மாவட்டத்து மலைகளிடையே அமைந்துள்ளது. இன்று அங்கு வாழ்வோர் 1,500 பேருக்கும் குறைவு. அவர்களுள் ஏறத்தாழச் சரிபாதியினர் 65 வயதைக் கடந்த முதியோர். பெருந்தொழில் எதுவும் இல்லாத ஊராதலின், ஊராட்சியின் வருவாயும் சிறியதே.

1997ஆம் ஆண்டு வரை அவ்வூரார் தங்கள் குப்பையைத் திறந்த வெளியில் இட்டு எரித்து வந்தனர். புகை பள்ளத்தாக்கெங்கும் பரவியது. அதனை ஒழிக்கக் கருதிய ஊராட்சி, 1998ஆம் ஆண்டில் இரண்டு சிறிய எரியுலைகளை அமைத்தது. அக்காலத்தில் அஃது ஒரு முன்னேற்றமாகவே தோன்றியது.

ஆயினும், அம்முன்னேற்றம் நீடிக்கவில்லை. குளோரின் கலந்த பிளாஸ்டிக் முதலிய பொருள்கள் போதிய வெப்பமின்றி எரியும்போது டையாக்சின் என்னும் நச்சுப் பொருள் உண்டாகிறது. அது காற்றின் வழியே மண்ணையும் நீரையும் அடைந்து, உணவின் மூலம் உடலிற் புகுந்து, கொழுப்பில் நெடுங்காலம் தங்கிவிடும். பெரிய உலைகளில் வெப்பத்தை 800 பாகைக்கு மேல் நிலைநிறுத்தவும், வெளிவரும் புகையைத் தூய்மை செய்யவும் இயலும். சிறிய உலைகளுக்கு அவ்வாற்றல் அரிது. 2000ஆம் ஆண்டில் டையாக்சினைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஜப்பானில் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாக, கமிகட்சுவின் உலைகள் இரண்டும் அமைக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே மூடப்பட்டன.

இனிச் செய்யத்தக்கது யாது? பெரிய உலை ஒன்றை அமைக்கும் செல்வம் ஊரில் இல்லை. குப்பையோ நாள்தோறும் சேர்ந்துகொண்டிருந்தது. எரிக்க இயலாவிடின் எரிக்க வேண்டிய பொருளையே குறைத்தல் வேண்டும் என்று ஊராட்சி முடிவு செய்தது. அதற்கு வேண்டிய கருவி மக்களின் கைகளே ஆயின.

குப்பை வண்டிகள் தெருவுக்கு வருவதில்லை. மக்கள் தாங்களே கழிவுப் பொருள்களைக் கழுவி உலர்த்தி, ஊராட்சியின் பிரிப்பு நிலையத்துக்குக் கொண்டுவருகின்றனர். முதலில் 30-க்கும் மேற்பட்டனவாக இருந்த பிரிவுகள் பின்னர் 45 ஆக உயர்ந்தன. இரும்புத் தகரமும் அலுமினியத் தகரமும் வெவ்வேறு பெட்டிகளில் இடப்படுகின்றன. கண்ணாடிக் குப்பிகள் நிறம் நோக்கிப் பிரிக்கப்படுகின்றன. செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் கலவாமல் வைக்கப்படுகின்றன. கலவாத பொருளுக்கே ஆலைகளில் மதிப்புண்டு. கலந்த பொருள் மீண்டும் குப்பையாகிவிடும். அப்பொருள் எங்குச் சென்று என்னவாகிறது என்பதையும், அதனால் ஊருக்கு வரும் வருவாய் அல்லது செலவு எவ்வளவு என்பதையும் ஒவ்வொரு பெட்டியின் அருகிலும் ஒரு பலகை அறிவிக்கிறது. ஆகவே, பிரிப்பவர் தம் உழைப்பின் பயனைத் தம் கண்ணாலேயே காண்கின்றார்.

சமையற் கழிவை ஊராட்சி பெறுவதே இல்லை. அதனை ஒவ்வொரு வீட்டாரும் தம் இல்லத்திலேயே எருவாக்குகின்றனர். அதற்குரிய சிறு மின்பொறிகளை வாங்க ஊராட்சி பொருளுதவி செய்தது. ஈரமான உணவுக்கழிவு நீங்கியதால் ஏனைய பொருள்களைத் தூய்மையாகப் பிரிப்பதும் எளிதாயிற்று. பெரிய உலைக்கு மாற்றாக வந்தவை, வீட்டின் மூலையில் அடங்கும் இச்சிறு பொறிகளே.

2003ஆம் ஆண்டில், 2020க்குள் எரிக்கவும் புதைக்கவும் குப்பையே இல்லாத நிலையை அடைவதென அவ்வூர் உறுதி பூண்டது. 2020இல் புதிய நிலையம் ஒன்று எழுப்பப்பட்டது. ஊரார் கொடுத்த ஏறத்தாழ 700 பழைய சாளரங்கள் அதன் சுவர்களில் பொருத்தப்பட்டன. அப்போது ஊரின் கழிவில் ஏறத்தாழ 80 விழுக்காடு மீண்டும் பயன்பட்டு வந்தது. ஜப்பான் நாட்டின் சராசரியோ 20 விழுக்காட்டளவே.

எனினும், குறிக்கோள் முழுமையாக நிறைவேறவில்லை. எஞ்சிய ஐந்தில் ஒரு பங்கு வென்றிடற்கு அரியதாய் நின்றது. தோலும் இரப்பரும் துணியும் பசையால் இறுக ஒட்டப்பட்ட காலணியை எந்தக் கை பிரிக்கும்? பயன்படுத்திய அணையாடையை எந்த ஆலை ஏற்கும்? இவை ஊராரின் சோம்பலால் நேர்ந்த குறைகள் அல்ல. பொருளை ஆக்கியபோதே, அது பின்னர் எவ்வாறு பிரிக்கப்படும் என்று எண்ணாமையால் நேர்ந்தவை. 2020ஆம் ஆண்டில், 2030ஐ எல்லையாகக் கொண்டு ஊரார் தம் உறுதியைப் புதுப்பித்தனர்.

குப்பையைக் களையும் கருவி குப்பை மேட்டில் மட்டும் இருப்பதன்று. அது பொருளை ஆக்குவோர் சிந்தையிலும், வாங்குவோர் தெரிவிலும், கழிப்போர் கையிலும் இருக்க வேண்டும். ஒரு சிற்றூர் தனக்குரிய பங்கைச் செய்து காட்டியது. எஞ்சிய பங்கு, அவ்வூருக்கு வெளியே பொருள்களை உருவாக்குவோரைச் சார்ந்தது.