மனநலச் சட்டம்: பெற்றோர் அறிய வேண்டியவை

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு. போலீசுக்குப் பயந்து பிள்ளையின் நிலையை மருத்துவரிடமே மறைத்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

2018 மே 29-இல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை மாற்றியது. அதன் 115-ஆம் பிரிவின்படி, அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும். வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலன்றி வழக்கு இல்லை. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவே இல்லை.

மேலும், 18 வயது நிரம்பாதவரை மருத்துவமனையில் சேர்த்தால் பெரியவர்களிடமிருந்து தனியே வைக்க வேண்டும். பெற்றோரோ அவர்கள் சார்பில் ஒருவரோ உடனிருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு உள்ள இடம் மனநோய்க்கும் உண்டு.

டில்லிவாசிகளுக்குத் தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் அரசு மருத்துவமனை இருக்கிறது. டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

தண்டவாளத்தில் விரிசலைக் கண்ட கேங்மேன் உடனே சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துவார். பிள்ளையின் தூக்கம் கெட்டு, பேச்சும் குறைந்தால் நாமும் தாமதிக்கலாகாது. தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் இன்றே அருகில் அமர்ந்து பேசுங்கள்.